மெதுவாகப் பறக்கும் போர் விமானம் சண்டையில் வெல்லுமா? ஒரு விளக்கம்

கோவை: கேரள மாநிலம் பாலக்காடு மாவட்ட எல்லையான வாளையாறில் இருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் சூலூர் விமானப்படைத் தளம் அமைந்துள்ளது. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் செல்லும் போர் விமானம் இத்தொலைவை மூன்று நிமிடங்களுக்குள் கடந்துவிடும். வேகமே வலிமை எனக் கருதப்படும் இவ்விமானங்கள், கண்காட்சிகளில் மூக்கை உயர்த்தி வானில் நின்றுவிடுவதுபோல் பறந்து காட்டுகின்றன. போர்க்களத்தில் இதனால் என்ன பயன்?

எப்படிச் சாத்தியமாகிறது?

வேகம் குறைந்து மூக்கு அளவுக்கு மீறி உயரும்போது, இறக்கைகளின் மீது காற்று ஒட்டிச் செல்லாமல் பிரிந்துவிடும். விமானத்தைத் தாங்கும் விசை சரிந்து, அது கட்டுப்பாட்டை இழக்கும். இதுவே 'ஸ்டால்' எனப்படுகிறது. இந்த எல்லைக்கு அப்பாலும் விமானத்தைக் கட்டுக்குள் வைக்க முடியும் என்பதை, 1989-ஆம் ஆண்டு பாரிஸ் விமானக் கண்காட்சியில் சோவியத் விமானி விக்டர் புகச்சேவ் சுகோய்-27 விமானத்தின் மூலம் உலகுக்குக் காட்டினார். 'கோப்ரா' என்று அது பெயர் பெற்றது.

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி 20-ஆம் தேதி முதல் இயங்கிவரும் 222-ஆவது படைப்பிரிவின் சுகோய்-30 எம்கேஐ விமானங்களில், என்ஜினின் பின்புற முனைகள் திசைமாறக் கூடியவை. இதனால், மிகக் குறைந்த வேகத்திலும் விமானத்தைத் திருப்ப முடிகிறது.

ஆதாயமும் விலையும்

நெருங்கிய சண்டையில் துரத்திவரும் எதிரியை முன்னே போகவிட்டு, அவருக்குப் பின்னால் இடம்பிடிக்க இந்த உத்தி உதவும். எதிரியை நோக்கி மூக்கை நொடிப்பொழுதில் திருப்பி ஏவுகணையைச் செலுத்தவும் வாய்ப்புண்டு.

ஆனால், விமானியின் கையிருப்பு என்பது வேகமும் உயரமும்தான். வேகத்தைச் செலவழித்த விமானம் சில நொடிகளுக்கு அசையாத இலக்காகிவிடுகிறது. முதல் தாக்குதல் தவறினாலோ, எதிரியுடன் இன்னொரு விமானம் வந்திருந்தாலோ தப்புவது கடினம்.

1982-ஆம் ஆண்டு ஃபாக்லாந்து போர் இதற்கு நல்ல பாடம். பறக்கும்போதே உந்துவிசையைத் திருப்பி வேகத்தைச் சட்டெனக் குறைக்கும் திறன் பிரிட்டனின் சீ ஹாரியர் விமானங்களுக்கு இருந்தது. வான் சண்டையில் ஒரு விமானத்தைக்கூட இழக்காமல், சுமார் 20 அர்ஜென்டினா விமானங்களை அவை வீழ்த்தின. எனினும், அந்த வெற்றிக்குக் காரணம் அத்திறன் அல்ல. புதிய சைட்விண்டர் ஏவுகணைகளும் விமானிகளின் பயிற்சியுமே.

மாறிய களம்

இன்று விமானத்தின் மூக்கைத் திருப்ப வேண்டிய தேவையே குறைந்துள்ளது. விமானி தலையைத் திருப்பிப் பார்த்தாலே, தலைக்கவசத்தில் உள்ள குறிபார்க்கும் கருவி ஆர்-73 போன்ற ஏவுகணைக்கு இலக்கைக் காட்டிவிடும். சுமார் 100 கி.மீ. தொலைவு பாயும் அஸ்திரா ஏவுகணையோ, கண்ணுக்குத் தெரியாத தொலைவிலேயே சண்டையை முடித்துவிடக் கூடியது. தேஜஸ் விமானத்தில் இருந்து அது 2023 ஆகஸ்டில் கோவா அருகே ஏவிச் சோதிக்கப்பட்டது.

அதற்காக மிதவேகத் திறன் வீண் என்று ஒதுக்கிவிட முடியாது. மெதுவாகச் செல்லும் ஹெலிகாப்டரையோ சிறிய விமானத்தையோ அருகில் சென்று அடையாளம் காணவும், பாதுகாப்பாகத் தரையிறங்கவும் அது தேவை. தேஜஸ் விமானத்தில் விமானி அவசரத்தில் கட்டுப்பாட்டுக் கோலை எல்லை மீறி இழுத்தாலும், கணினி குறுக்கிட்டு விமானத்தை ஆபத்தான கோணத்துக்குச் செல்லவிடாமல் தடுக்கும்.

ஆனால், உயரம் இல்லாத இடத்தில் எந்தக் கருவிக்கும் நேரம் இருக்காது. 2025 நவம்பர் 21-ஆம் தேதி துபாய் விமானக் கண்காட்சியில், தாழ்வாகப் பறந்து சாகசம் செய்த தேஜஸ் விமானம் விழுந்து நொறுங்கியதில் அதன் விமானி உயிரிழந்தார். விபத்து குறித்து விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது.

ஆக, மிதவேகச் சாகசம் என்பது வேறு வழியில்லாதபோது கைகொடுக்கும் கடைசி ஆயுதம். எதிரியை முதலில் கண்டு, முதலில் தாக்கி, வேகத்தை இழக்காமல் திரும்பும் விமானிக்கு அதன் தேவை அரிதாகவே எழும்.