சிபிஎஸ்இ ஆங்கிலத் தேர்வு: பத்தி வினாக்களில் மதிப்பெண் நழுவுவது எங்கே?

புதுதில்லி: சிபிஎஸ்இ 10-ஆம் வகுப்பு ஆங்கிலத் தேர்வின் 80 மதிப்பெண்களில் 20, பாடநூலில் இல்லாத இரு பத்திகளைப் படித்து விடையளிப்பதற்கு உரியவை. இவற்றில் கொள்குறி வினாக்களைவிட, சொந்த நடையில் எழுதவேண்டிய குறுவினாக்களே கடினமானவை.

குறுவினாவுக்குக் கருத்து மட்டும் போதாது. பத்தியிலிருந்தே சான்றும் வேண்டும். ஒரு நகரில் அமைக்கப்பட்ட மிதிவண்டிப் பாதை வெறிச்சோடிக் கிடந்தது, சாலையோர மரங்கள் வளர்ந்தபின் கூட்டம் வந்தது என்று பத்தி கூறுவதாகக் கொள்வோம். பாதை முதலில் ஏன் பயன்படவில்லை என்பது வினா. 'மக்களுக்கு ஆர்வமில்லை' என்பது வெறும் ஊகம். 'மிதிவண்டி உடல்நலத்துக்கு நல்லது' என்பது உண்மைதான். ஆனால், கேட்கப்பட்டது அதுவல்ல. 'நிழல் இல்லாததே காரணம். மரங்கள் வளர்ந்த பின்னரே பயன்பாடு கூடியது இதை உணர்த்துகிறது' என்பதே முழுமையான விடை. பத்தியின் வரிகளை அப்படியே பெயர்த்தெழுதினால், மாணவருக்குப் பொருள் விளங்கியதா என்பது திருத்துபவருக்குத் தெரியாது.

விடை எழுதத் தொடங்கும்முன் வினாத்தாளை வாசிக்க 15 நிமிடங்கள் தரப்படுகின்றன. அப்போது வினாக்களை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குச் சென்றால், சான்றுள்ள வரிகள் எளிதில் கண்ணில் படும்.