மான் எல்லாருக்கும் சொந்தம்... நிலம் யாருக்குச் சொந்தம்? அமெரிக்காவில் மான் வேட்டைக்கு இடம் தேடுவது எப்படி?

அமெரிக்காவில் காட்டில் திரியும் மான் எந்தத் தனிமனிதருக்கும் சொந்தமில்லை. பொதுமக்கள் சார்பாக மாநில அரசு அதைப் பராமரிக்கிறது. உங்க தோட்டத்துக்குள் மான் வந்து மேய்ந்தாலும் அது உங்க மான் ஆகாது. ஆனா அந்த மானைத் தேடி இன்னொருத்தர் உங்க தோட்டத்துக்குள் கால் வைக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யும் உரிமை மட்டும் உங்களுக்கு உண்டு.

மான் வேட்டையில் பாதிப் பிரச்னை இங்கேதான் ஆரம்பிக்குது. 2022-ல் அமெரிக்க மீன், வன உயிரின சேவைத் துறை நடத்திய கணக்கெடுப்பின்படி அங்கே வேட்டைக்குப் போகிறவர்கள் சுமார் 1.44 கோடி பேர். துப்பாக்கியும் லைசென்ஸும் கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. நல்ல இடம் கிடைப்பதுதான் கஷ்டம். அந்த இடத்தை எப்படித் தேடுகிறார்கள்? ஒரு ஏணி எப்படி உச்ச நீதிமன்றம் வரை போன வழக்காக மாறியது?

முதலில் ஒரு கேள்வி: மானை ஏன் சுட அனுமதிக்கிறார்கள்?

1900 வாக்கில் அமெரிக்காவில் வெண்வால் மான்களின் எண்ணிக்கை 5 லட்சத்துக்கும் கீழே போயிருந்ததாக மதிப்பிடப்படுகிறது. இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளியதுதான் காரணம். அதன்பிறகு வணிக வேட்டை ஒழிக்கப்பட்டது. சீசன், லைசென்ஸ், ஆளுக்கு இத்தனை என்ற வரம்பு எல்லாம் வந்தது. 1937-ல் வந்த பிட்மன் - ராபர்ட்சன் சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் வசூலிக்கப்படும் 11 சதவீத வரி மாநிலங்களின் வன உயிரினப் பணிகளுக்குப் போகிறது.

இப்போது வெண்வால் மான்கள் சுமார் 3 கோடி. பல பகுதிகளில் ஓநாய் போன்ற இயற்கை எதிரிகள் இல்லாததால் பயிர்ச்சேதமும் சாலை விபத்துகளும் அதிகம். அதனால் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க வேட்டையையே ஒரு கருவியாக மாநில அரசுகள் பயன்படுத்துகின்றன.

பொது நிலம் எங்கே இருக்கு?

நம்மூரில் பட்டா நிலம், புறம்போக்கு என்று பிரிப்பது மாதிரி அங்கேயும் தனியார் நிலம், பொது நிலம் என்று ரெண்டு உண்டு. ஆனா பொது நிலத்தின் அளவுதான் மிரள வைக்கும். பிஎல்எம் எனப்படும் நில மேலாண்மைத் துறையிடம் மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கர். தேசிய வனங்கள் சுமார் 19.3 கோடி ஏக்கர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 3.2 கோடி ஏக்கர்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்க.

இந்த நிலங்களில் பெரும்பாலானவற்றில் உரிய லைசென்ஸோடு யாரும் வேட்டையாடலாம். தேசியப் பூங்காக்களில் மட்டும் பெரும்பாலும் அனுமதி இல்லை.

சிக்கல் என்னன்னா, இந்த நிலம் சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. நெவாடா மாநிலத்தில் சுமார் 80 சதவீதம் மத்திய அரசு நிலம். டெக்சாஸில் 95 சதவீதத்துக்கு நெருக்கமாகத் தனியார் நிலம். அதனால் டெக்சாஸ்காரர்கள் பலர் பண்ணை நிலத்தை சீசனுக்குக் குத்தகைக்கு எடுத்துதான் வேட்டையாடுகிறார்கள். குத்தகைக்குப் பணம் இல்லாதவருக்கு இருக்கும் வழிகள் மூணு:

• மாநில வன உயிரின மேலாண்மைப் பகுதிகள்: மாநில அரசே பராமரிக்கும் இடங்கள். கிழக்கு மாநிலங்களில் இதுதான் பலருக்கு ஆதாரம். கூட்டமும் இங்கேதான் அதிகம்.

• நடந்து போகும் திட்டங்கள்: விவசாயிக்கு அரசு பணம் கொடுத்து, அவர் நிலத்தை வேட்டைக்காரர்களுக்குத் திறந்துவிடும் ஏற்பாடு. கன்சாஸின் 'வாக்-இன்' திட்டம், மொன்டானாவின் 'பிளாக் மேனேஜ்மென்ட்' திட்டம் ரெண்டும் இதில் பிரபலம்.

• கதவைத் தட்டுவது: பழைய முறைதான். சீசனுக்குப் பல மாதம் முன்பே பண்ணை வீட்டுக்குப் போய் நேரில் அனுமதி கேட்பது. வேலி கட்ட, வைக்கோல் ஏற்ற ஒத்தாசை செய்கிறேன் என்று சொல்பவருக்குச் சம்மதம் கிடைக்க வாய்ப்பு கூடுதல். பல மாநிலங்களில் எழுத்துப்பூர்வ அனுமதி இருப்பதுதான் பாதுகாப்பு.

அனுமதி இல்லாத இடத்தை எப்படித் தெரிந்துகொள்வது? எல்லா இடத்திலும் போர்டு இருக்காது. டெக்சாஸ், மிசௌரி உள்ளிட்ட மாநிலங்களில் மரத்தில் ஊதா நிறப் பெயின்ட் கோடு அடித்திருந்தாலே 'உள்ளே வராதே' என்று சட்டப்படி அர்த்தம்.

சோபாவில் உட்கார்ந்தே பாதி வேலை

முன்பெல்லாம் நில உரிமை விவரம் பார்க்க மாவட்ட அலுவலகத்துக்குப் போய் வரைபடங்களைப் புரட்ட வேண்டும். இப்போ 'ஆன்எக்ஸ்' மாதிரியான செயலிகள் ஒவ்வொரு துண்டு நிலத்தின் எல்லையையும், உரிமையாளர் பெயரையும் செயற்கைக்கோள் படத்தின் மேலேயே காட்டிவிடும். நம்ம சர்வே எண், பட்டா விவரமெல்லாம் கூகுள் மேப் மேலேயே தெரிந்தால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படி.

அந்த வரைபடத்தில் அனுபவசாலிகள் முதலில் தேடுவது மானை அல்ல, மனிதர்களை. சாலை எங்கே, வண்டி நிறுத்துமிடம் எங்கே என்று பார்க்கிறார்கள். பெரும்பாலான வேட்டைக்காரர்கள் சாலையிலிருந்து ரொம்ப தூரம் நடப்பதில்லை. நடுவில் ஓடை, சதுப்பு, செங்குத்தான சரிவு என ஏதாவது தடை இருந்தால் அதைத் தாண்டிப் போகிறவர்கள் இன்னும் குறைவு. ஆள் போகாத அந்த இடத்தில்தான் மான் பகலிலும் தைரியமாக நடமாடும்.

அடுத்து நிலத்தின் வடிவம். ரெண்டு குன்றுகளுக்கு நடுவே தாழ்ந்திருக்கும் கணவாய், வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒடுங்கிப் போகும் காட்டுத் துண்டு மாதிரியான இடங்களில் கோடு போட்டது போல மான்கள் வந்துபோகும். சிரமம் குறைந்த வழியைத்தான் மானும் தேர்ந்தெடுக்கும். அடர்ந்த காடும் திறந்த வெளியும் சந்திக்கும் ஓரங்களும் முக்கியம். மறைவும் தீனியும் பக்கத்துப் பக்கத்தில் கிடைப்பதால் மானுக்கு அது ரொம்பப் பிடித்த இடம்.

களத்தில் எதைப் பார்க்கிறார்கள்?

செயலியில் குறித்த புள்ளிகளை நேரில் போய்ச் சரிபார்ப்பதுதான் அடுத்த கட்டம்.

• தீனி: இலையுதிர் காலத்தில் வெள்ளை ஓக் மரத்தின் கொட்டைகள் விழ ஆரம்பித்தால் மான்கள் அங்கேதான். போன வாரம் வயலில் மேய்ந்த மான் இந்த வாரம் காணாமல் போனால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

• படுக்கை: புல்லிலும் சருகிலும் முட்டை வடிவத்தில் அழுந்திய தடம். பின்பக்கமிருந்து வரும் ஆபத்தைக் காற்றில் மோப்பம் பிடிக்கவும், முன்பக்கத்தைக் கண்ணால் பார்க்கவும் வசதியான இடத்தில் ஆண் மான் படுக்கும்.

• தேய்த்த மரம்: ஆண் மான் கொம்பை உரசியதால் பட்டை உரிந்த இளமரங்கள். வரிசையாக இருந்தால் அது வழக்கமாகப் போகும் பாதை.

• சுரண்டிய தரை: தாழ்ந்த கிளைக்குக் கீழே குளம்பால் கீறி, சிறுநீர் கழித்து விட்டுப்போன அடையாளம். நவம்பர் இனச்சேர்க்கைக் காலத்துக்குச் சற்று முன்பு இது அதிகரிக்கும்.

• புழுக்கையும் குளம்படியும்: ஈரம் காயாமல் பளபளப்பாக இருந்தால் புதுசு.

இதையெல்லாம்விட முக்கியம் காத்து. மானின் மூக்கை ஏமாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். காலையில் வெயில் ஏறும்போது மலைச்சரிவில் காற்று மேல்நோக்கிப் போகும். மாலையில் குளிர்ந்ததும் கீழ்நோக்கி இறங்கும். அதனால் ஒரே இடம் காலைக்குச் சரியாகவும் மாலைக்குத் தப்பாகவும் இருக்கலாம். எந்தக் காற்றுக்கு எங்கே உட்காருவது, மானைக் கலைக்காமல் அங்கே எப்படிப் போய்ச் சேருவது என்பது தெரியும் வரை அந்த இடத்தைப் 'பார்த்தாச்சு' என்று சொல்ல முடியாது.

அசைவை உணர்ந்து படமெடுக்கும் டிரெயில் கேமராக்களை மரத்தில் கட்டிவிட்டு வருவதும் சகஜம். சில மாடல்கள் படத்தை உடனே போனுக்கே அனுப்பிவிடும். "அப்புறம் இதில் வேட்டை எங்கே இருக்கு?" என்ற விவாதமும் கூடவே வந்தது. 2022 முதல் அரிசோனா, வேட்டைக்காக டிரெயில் கேமரா பயன்படுத்துவதையே தடை செய்துவிட்டது.

ஒரு ஏணியும் 4 வேட்டைக்காரர்களும்

இப்போது அந்த ஏணிக் கதைக்கு வருவோம். 19-ம் நூற்றாண்டில் ரயில் பாதை போட்ட கம்பெனிகளுக்கு ஊக்கமாக, பாதையின் இருபுறமும் அமெரிக்க அரசு நிலம் கொடுத்தது. 1 சதுர மைல், அதாவது 640 ஏக்கர் கட்டங்களாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகக் கொடுத்தது. செஸ் போர்டை நினைச்சுக்கோங்க. கறுப்புக் கட்டம் தனியார், வெள்ளைக் கட்டம் அரசு.

வெள்ளைக் கட்டங்கள் ஒன்றையொன்று தொடுவது மூலையில் மட்டும்தான். ஒரு வெள்ளைக் கட்டத்திலிருந்து அடுத்ததற்கு மூலை வழியாகக் குறுக்கே தாண்டினால், காலடி தனியார் மண்ணில் படாது. ஆனா தோளும் முதுகும் ஒரு நொடி தனியார் நிலத்தின் 'மேலே' காற்றில் இருக்குமே? அது அத்துமீறலா?

2021-ல் மிசௌரியிலிருந்து வந்த 4 பேர், வயோமிங் மாநிலத்தின் எல்க் மவுன்டன் பகுதியில் எல்க் எனும் பெரிய மான் இனத்தை வேட்டையாட, ஒரு மடக்கு ஏணியை மூலையில் வைத்து இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார்கள். அங்கே 22,000 ஏக்கருக்கும் மேல் வைத்திருந்த பண்ணை உரிமையாளர் தரப்பு கொந்தளித்தது. அத்துமீறல் குற்ற வழக்கு பதிவானது. 2022-ல் ஜூரி 4 பேரையும் விடுவித்தது. அடுத்து சிவில் வழக்கு. மூலை வழியாக யாரும் வரலாம் என்றால் பண்ணையின் மதிப்பு 77.5 லட்சம் டாலர் வரை குறையும் என்று அங்கே வாதிடப்பட்டது.

2023-ல் மாவட்ட நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் நின்றது. 2025 மார்ச்சில் 10-வது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பொது நிலத்தை வேலி போட்டு வளைத்து மக்களைத் தடுக்கக் கூடாது என்ற 1885-ம் ஆண்டுச் சட்டம்தான் அவர்களைக் காப்பாற்றியது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்ததால் அந்தத் தீர்ப்பு நிலைத்துவிட்டது.

ஆன்எக்ஸ் நிறுவனத்தின் கணக்குப்படி, மேற்கு மாநிலங்களில் இப்படி மூலைகளுக்குப் பின்னால் சிக்கியிருக்கும் பொது நிலம் சுமார் 83 லட்சம் ஏக்கர். தமிழ்நாட்டில் கால்வாசி!

ஆனா இந்தத் தீர்ப்பு செல்லுபடியாவது அந்த சர்க்யூட்டுக்கு உட்பட்ட வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கன்சாஸ், ஓக்லஹோமா ஆகிய 6 மாநிலங்களில்தான். பக்கத்து மொன்டானாவுக்கு இது பொருந்தாது. பொருந்தும் மாநிலத்திலும், போனில் காட்டும் புள்ளியை மட்டும் நம்பித் தாண்டினால் ஆபத்து. ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டலாம். தரையில் அரசு சர்வேயர் பதித்த எல்லைக் குறியைக் கண்டுபிடித்துத் தாண்டுவதுதான் பாதுகாப்பு.

நோய் இருக்கும் ஊரா?

இடம் தேடுபவர்கள் இப்போது பார்க்கும் இன்னொரு வரைபடம், 'கிரானிக் வேஸ்டிங்' எனும் மான் நோய் பரவியிருக்கும் பகுதிகள். 1960-களில் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட இந்த நோய், இப்போது 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. காரணமான பிரியான் புரதம் மண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கும். மனிதருக்குப் பரவியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் இந்தப் பகுதிகளில் சுட்ட மானைச் சாப்பிடும் முன் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். தலை, முதுகெலும்போடு மானை வெளியே எடுத்துப் போகவும் பல இடங்களில் கட்டுப்பாடு உண்டு.

விசாவில் இருப்பவர்கள் போகலாமா?

ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. முறையாகப் பெற்ற வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் அதற்கு விதிவிலக்கு உண்டு. மாநில விதிகள் தனி. பெரும்பாலான மாநிலங்களில் புதியவர்கள் முதலில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடிக்க வேண்டும். அலுவலக நண்பர் கூப்பிட்டார் என்று கிளம்பும் முன் இதையெல்லாம் பார்த்துவிடுவது நல்லது.

ஊருக்கு வந்து அதையே முயற்சி செய்யலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். இந்தியாவில் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஜெயிலுக்குப் போக நேரிடும் அளவுக்குக் கடுமையான குற்றம்.

இடம் தேட நல்ல நேரம் எது?

பலரும் சீசனுக்கு ஒரு வாரம் முன்பு காட்டுக்குப் போய் மானைக் கலைத்துவிட்டு வருவார்கள். விவரமானவர்கள் போவது சீசன் முடிந்த பிறகு, பிப்ரவரி - மார்ச்சில். இலை உதிர்ந்து காடு திறந்து கிடக்கும். போன சீசனில் தேய்த்த மரமும், பனியில் பதிந்த பாதையும் பளிச்சென்று தெரியும். ஆண் மான்கள் உதிர்த்த கொம்பு கிடைத்தால், அந்த மான் சீசனைத் தாண்டி உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அந்த இடத்தைப் போனில் குறித்துக்கொண்டு, நிலம் யாருடையது என்று பார்த்து, அனுமதி கேட்க இன்னும் 8 மாதம் அவகாசம் இருக்கும்.