இரும்புக்கை மாயாவியும் வட்டவளை ஈரமும்

2025 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு காமிக்ஸ் புத்தகம் 91 லட்சம் டொலருக்கு ஏலம் போனது. 1939இல் வந்த சூப்பர்மேன் முதல் இதழ் அது. அம்மாவின் வீட்டுப் பரணில் பழைய பத்திரிகைகளோடு கிடந்ததை மகன்மார் கண்டெடுத்தார்கள். வட கலிபோர்னியாவின் குளிர்தான் தாளைக் காப்பாற்றியதாம். குளிருக்கு இலங்கை மலையகத்தின் வட்டவளையிலும் குறைவில்லை. ஆனால் இங்கே வருஷத்துக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழையும் கொட்டுகிறது. தோட்டத்து லயக் காம்பராவில் தகரப் பெட்டிக்குள் வைத்த சேலையே பூஞ்சணம் பிடிக்கும், காமிக்ஸ் எம்மாத்திரம்?

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டது 1972இல். முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனின் வேலியண்ட் இதழில் 1962இல் பிறந்தவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து உலோகக் கை மட்டும் தெரியும். கரண்டு எட்டாத லயங்களில், குப்பி லாம்பு வெளிச்சத்தில் அவனைப் படித்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. எழுபதுகளில் இந்திய இதழ்களை இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு இருந்ததால் வந்தது கொஞ்சம்தான். 1977க்குப் பிறகு கதவு திறந்தது. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் பிறந்தன.

சம்பளத்துக்குப் பிறகு ஹட்டன் கடைவீதிக்குப் போன அண்ணன் ஒருவர் ஒரு புத்தகம் வாங்கி வந்தால் போதும், அது லயம் முழுக்கச் சுற்றும். இஸ்தோப்பில் ஒருவன் படிக்க, நாலு பேர் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். முதலில் அட்டை போகும், அப்புறம் கடைசிப் பக்கம். வில்லன் என்ன ஆனான் என்பதை முன்னமே படித்தவனிடம் கெஞ்சித்தான் கேட்க வேண்டும். அவன் சொல்லும் முடிவு ஆளுக்கு ஆள் மாறும். புத்தகத்தில் கையெழுத்தும் உண்டு: பேனையால் பெயர், வகுப்பு, தோட்டம், டிவிசன். கீழே, ‘படித்துவிட்டுத் திருப்பித் தரவும்’.

இன்று காமிக்ஸ் புத்தகங்களுக்குத் தனியொரு நீதிமன்றமே இருக்கிறது. 2000இல் அமெரிக்காவில் தொடங்கிய சிஜிசி நிறுவனம் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகச் சோதித்து, 0.5 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் மூடிவிடுகிறது. ஓவியரோ எழுத்தாளரோ கையெழுத்திடும்போது நிறுவனத்தின் சாட்சி பக்கத்தில் நின்றால் மஞ்சள் லேபல் கிடைக்கும். பின்னில் துரு ஏறினால் மதிப்பெண் குறையும், அட்டையில் சொந்தக்காரன் பெயர் இருந்தாலும் குறையும். எங்கள் புத்தகங்கள் 0.5 வாங்கினாலே அதிசயம். உறையைத் திறந்தால் அந்த மதிப்பெண்ணும் செல்லாது. படிக்க முடியாத புத்தகத்தைக் காமிக்ஸ் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பங்குப் பத்திரத்துக்குப் படம் போட்டதுபோல இருக்கிறது.

அதற்காக அந்தச் சேகரிப்பாளர்களைக் கேலி செய்யவும் முடியவில்லை. பூட்டி வைத்தவர்களிடம் புத்தகம் இருக்கிறது. பகிர்ந்து படித்த எங்களிடம் கதை மட்டும்தான் மிச்சம்.

ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுபோனது. லயனும் முத்துவும் 2012இல் புது வேகத்தோடு திரும்பி, வழவழப்பான தாளில் வண்ணத்தில் வருகின்றன. பழைய தமிழ் இதழ்களைத் தேடுகிறவர்கள் மதிப்பெண் பார்ப்பதில்லை. அட்டை இருக்கிறதா, பக்கம் முழுசாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வட்டவளைப் பிள்ளைகளோ ஸ்பைடர்மேனைக் கைபேசியில் பார்த்துக்கொள்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய காமிக்ஸ் ஒன்று தப்பிக் கிடந்தால், தை, மாசியில் மழை விட்டதும் எடுத்து நிழலில் காயப் போடுங்கள். துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தையுங்கள். செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள், அது தாளைத் தின்றுவிடும். யாராவது படிக்கக் கேட்டால் கொடுங்கள்.