இரண்டாம் கட்டு: எல்டர் ஸ்க்ரோல்ஸ் விளையாட்டுகளும் அவற்றின் விரிவாக்கங்களும்

கற்பனை உலகொன்றில் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் குலத்தையும் திறன்களையும் தாமே தேர்ந்து, அவ்வுலகின் மாந்தரோடு பேசியும் பொருதும் கதையை நடத்திச் செல்லும் கணினி விளையாட்டு, பாத்திரமேற்பு விளையாட்டு எனப்படும். இவ்வகையில் நீண்ட வரலாறு உடையவற்றுள் ஒன்று, அமெரிக்காவின் பெத்தெஸ்டா நிறுவனம் 1994இல் ‘அரீனா’ என்னும் விளையாட்டில் தொடங்கிய எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசை ஆகும். 1996இல் ‘டாகர்ஃபால்’, 2002இல் ‘மாரோவிண்ட்’, 2006இல் ‘ஒப்லிவியன்’, 2011இல் ‘ஸ்கைரிம்’ என வளர்ந்த இவ்வரிசையின் கதைகள் பெரும்பாலும் டாம்ரியல் என்னும் ஒரே கண்டத்தில் நிகழ்கின்றன. எனவே புதிதாக வரும் ஒவ்வொரு பகுதியும், முன்பு சொல்லப்பட்ட நிலத்துக்கும் வரலாற்றுக்கும் கட்டுப்பட்டே எழ வேண்டியுள்ளது.

வெளியான ஒரு விளையாட்டோடு பின்னர் சேர்க்கப்படும் புதிய நிலம், புதிய கதை, புதிய கருவிகள் ஆகியவற்றின் தொகுதியே விரிவாக்கம் எனப்படுகிறது. இது தனித்து இயங்காது. மூல விளையாட்டை வைத்திருப்பவர் மட்டுமே இதனை ஆட முடியும். குடியிருக்கும் வீட்டை இடிக்காமல் அதனோடு இரண்டாம் கட்டு எழுப்புவதற்கு ஒப்பான வேலை இது. புதுக்கட்டின் அழகைக் காட்டிலும், அதற்குச் செல்லும் வாசல் எங்கே வைக்கப்பட்டது, பழைய சுவரோடு அது எவ்வாறு இணைந்தது என்பவையே அதன் தரத்தை முடிவு செய்கின்றன. இவ்வரிசையின் ரசிகர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டுவரும் செய்திகளுள் பெரும்பாலானவை, கூர்ந்து நோக்கினால், இந்த இணைப்பைப் பற்றியவையே.

இணைப்பின் நுட்பத்தை விளங்கிக்கொள்ள மாரோவிண்டின் உள்ளமைப்பை அறிதல் வேண்டும். அதில் படங்களைத் திரையில் வரைந்து, அசைவுகளைக் கணக்கிடும் எஞ்சின் என்னும் இயக்குநிரல் ஒருபுறமும், எந்த ஊர் எங்கே உள்ளது, எந்த வணிகர் எதை விற்கிறார், எந்த வாள் எவ்வளவு கூர்மையானது என்பன போன்ற உலகச் செய்திகள் யாவும் தனிக் கோப்புகளாக மறுபுறமும் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. இக்கோப்புகளுள் அடிப்படையானது முதன்மைக் கோப்பு. அதன்மேல் அடுக்கப்படுவது இணைப்புக் கோப்பு. விளையாட்டு தொடங்கும்போது எஞ்சின் இவற்றை ஒரு வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கிறது. ஒரே பொருளைப் பற்றிய பதிவை இரண்டு கோப்புகள் மாற்றியிருந்தால், கடைசியாகப் படிக்கப்பட்டதே நிலைக்கிறது. அதனால் மூலக் கோப்பில் ஓர் எழுத்தைக்கூட அழிக்காமல், அதன்மேல் புதிய தீவையோ நகரையோ ஏற்றி வைக்க முடிகிறது.

இந்த அமைப்பின் சிறப்பு, அது எவருக்கும் பொதுவானது என்பதாகும். மாரோவிண்டின் கணினிப் பதிப்போடு, உலகத்தைத் திருத்தவும் விரிக்கவும் உதவும் கட்டுமானக் கருவியையும் பெத்தெஸ்டா வழங்கியது. அதைக் கொண்டு ரசிகர் ஒருவர் ஆக்கும் சேர்க்கை ‘மாட்’ எனப்படும். நிறுவனத்தின் விரிவாக்கமும் ரசிகரின் மாடும் ஒரே வகைக் கோப்புகளால் ஆனவை. எஞ்சின் இரண்டையும் ஒரே முறையில் படிக்கிறது. ஆகவே ரசிகர்கள் விரிவாக்கங்களை எடைபோடும்போது, தாமும் அதே கருவியைக் கையாண்ட கைவினைஞரின் கண்ணோடு நோக்குகின்றனர்.

மாரோவிண்டுக்கு வந்த இரண்டு விரிவாக்கங்களும் இரண்டு வகையான இணைப்புகளுக்குச் சான்றாகின்றன. 2002 நவம்பரில் வெளியான ‘ட்ரைப்யூனல்’, மோர்ன்ஹோல்ட் என்னும் மதில் சூழ்ந்த நகரைச் சேர்த்தது. மூல விளையாட்டின் வார்டன்ஃபெல் தீவு, ஒன்றையொன்று தொடும் கட்டங்களாகப் பகுக்கப்பட்ட திறந்த வெளி. மோர்ன்ஹோல்டோ, கோப்பின் கணக்கில், வானம் காட்டப்பட்ட உள்ளறைகளின் தொகுதி. அதனால் அங்கே நடந்தோ நீந்தியோ செல்ல இயலாது. முதன்முறை ஒரு மந்திரவாதியின் உதவியால்தான் போக முடியும். மாரோவிண்டின் பேரின்பங்களுள் ஒன்றான வானில் மிதக்கும் மந்திரமும் அந்நகரில் தடைசெய்யப்பட்டுள்ளது. மாறாக, 2003 ஜூனில் வெளியான ‘பிளட்மூன்’, சோல்ஸ்தைம் என்னும் பனித்தீவை வார்டன்ஃபெல்லின் வடமேற்கே அதே நிலப்படத்தின் மேலேயே வைத்தது. அங்கே செல்லப் படகு உண்டு. ஆயினும் துணிந்தவர் கடலை நீந்தியே கரையேறலாம். பழைய உலகத்தில் கற்ற கலைகள் அனைத்தும் புதிய நிலத்திலும் செல்லுபடியாகும் என்னும் இந்த நேர்மையே பிளட்மூனின் தனிப்பெருமை.

கதையின் வாசல் வைக்கப்படும் இடமும் இத்தகைய கவனத்தை வேண்டுகிறது. ட்ரைப்யூனல் சேர்க்கப்பட்டவுடன், ஆடுபவர் தம் பயணத்தின் தொடக்க நிலையில் இருந்தாலும், உறங்கும் வேளையில் கொலையாளிகள் வந்து தாக்குவர். அனுபவமற்ற பாத்திரம் அவர்களால் மடிவதும், தப்பிப் பிழைத்தால் அவர்கள் அணிந்த விலையுயர்ந்த கவசத்தால் உரிய காலத்துக்கு முன்பே செல்வம் குவிப்பதும் நேர்ந்தன. இரண்டாலும் மூல விளையாட்டின் சமநிலை குலைந்தது. ரசிகர்கள் இக்குறையைச் சுட்டியதோடு நில்லாமல், பாத்திரம் போதிய வலிமை பெறும்வரை அத்தாக்குதலைத் தள்ளிப்போடும் மாட்களையும் ஆக்கினர். குறை கூறுதலும் பழுது நீக்குதலும் ஒரே செயலின் இரண்டு படிகளாக அமைந்தமைக்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

ஒப்லிவியன் காலத்தில் விரிவாக்கத்தின் அளவே விவாதப் பொருளாயிற்று. இணையத்தின் வழியே சிறு சேர்க்கைகளை விற்கும் வழக்கம் தோன்றிய அந்நாளில், 2006 ஏப்ரலில் குதிரைக்கான கவசம் மட்டும் தனியாக விற்பனைக்கு வந்தது. பெரும்பாலும் குதிரையின் தோற்றத்தையே மாற்றிய, உலகத்தில் புதிதாக எதையும் திறவாத அப்பொருளுக்கு விலை வைத்ததை ரசிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். 2007 மார்ச்சில் வந்த ‘ஷிவரிங் ஐல்ஸ்’ அதற்கு நேர்மாறானது: ஒரு விரிகுடாத் தீவில் திடீரெனத் தோன்றும் வாயிலின் வழியே, பித்தின் தெய்வமான ஷியோகோரத்தின் நாட்டுக்குள் அது இட்டுச்செல்கிறது. ஒரு பாதி ஒளியும் வண்ணமும் நிறைந்த களிவெறியாகவும், மறுபாதி இருளும் ஐயமும் கவிந்த மனச்சிதைவாகவும் பிளவுண்ட அந்நாட்டில், ஆடுபவரின் பாத்திரம் இறுதியில் அத்தெய்வத்தின் இடத்தையே ஏற்கிறது. பின்னர் ஸ்கைரிமில் தோன்றும் ஷியோகோரத், முந்தைய நாயகனுக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய நிகழ்ச்சிகளைக் குறிப்பாகச் சுட்டிப் பேசுவதைக் கண்ட ரசிகர்கள், தாம் ஒரு காலத்தில் ஏற்ற பாத்திரமே அங்கு தெய்வமாக அமர்ந்திருப்பதாக வாதிடுகின்றனர்.

இவ்வகை நினைவுத்தொடர்ச்சிக்குச் சிறந்த சான்று சோல்ஸ்தைம் தீவே. பிளட்மூனில் ஆடுபவர் ரேவன் ராக் என்னும் சுரங்கக் குடியிருப்பைத் தம் முயற்சியால் சிற்றூராக வளர்த்தெடுக்கிறார். ஸ்கைரிமுக்கு 2012 டிசம்பரில் வந்த ‘டிராகன்பார்ன்’ விரிவாக்கம் அதே தீவுக்குத் திரும்புகிறது. கதைக்குள் இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இடைக்காலத்தில் வெடித்த வார்டன்ஃபெல் எரிமலையின் சாம்பல் தீவின் தென்பகுதியை மூடியிருக்கிறது. சுரங்கம் அடைக்கப்பட்டு, ஊர் வாடிக் கிடக்கிறது. புதிதாக வருபவருக்கு அது ஓர் ஏழை ஊர். முன்பு அதைக் கட்டியவருக்கோ, தம் உழைப்பின் இடிபாடு.

நிலத்தைப் போலவே வரலாறும் இணைக்கப்பட வேண்டியுள்ளது. டாகர்ஃபாலுக்கு ஒன்றுக்கொன்று முரணான பல முடிவுகள் உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் மெய்யெனக் கொண்டால், வேறு முடிவை அடைந்தவரின் அனுபவம் பொய்யாகிவிடும். அதனால் காலமே அங்கு முறிந்து, எல்லா முடிவுகளும் ஒருசேர நிகழ்ந்தன என்று பிந்தைய விளையாட்டுகளுக்குள் கிடைக்கும் நூல்கள் விளக்குகின்றன. இந்நூல்களும் ஒன்றையொன்று மறுப்பவை. மாரோவிண்டில் பண்டைய வீரன் நெரவாரின் இறப்பைக் கோயிலார் ஒருவாறும் பாலைக்குடியினர் வேறுவாறும் கூறுவர். எது உண்மை என்று விளையாட்டு தீர்ப்பளிக்காமையால், சான்றுகளை ஒப்பிட்டு முடிவுகாணும் பணி ரசிகர்களுக்கு உரியதாகிறது.

மாரோவிண்ட் என்னும் நாட்டின் பெருநிலப்பரப்பை மூல விளையாட்டு காட்டவில்லை. வார்டன்ஃபெல் தீவோடு அது நின்றுவிட்டது. விடுபட்ட அந்நிலத்தை ஆக்கும் ‘டாம்ரியல் ரீபில்ட்’ என்னும் ரசிகர் திட்டம் விளையாட்டு வெளியாவதற்கு முன்பே தொடங்கி, ஊதியம் பெறாத தன்னார்வலரின் கைகளால் இருபது ஆண்டுகளைக் கடந்தும் பகுதி பகுதியாக வளர்ந்துவருகிறது. அவர்கள் எழுப்பும் கரைகள், பிளட்மூனின் தீவைப் போலவே, மூல நிலப்படத்தின் அடுத்தடுத்த கட்டங்களில் அமர்கின்றன. வார்டன்ஃபெல்லின் கரையிலிருந்து நீந்திச் செல்பவர், நிறுவனம் அமைத்த நிலம் முடிந்து ரசிகர் அமைத்த நிலம் தொடங்கும் இடத்தைக் கடலில் எங்கும் காண்பதில்லை.