உங்களுக்குத் தெரியுமா? – கோவலன் கட்சியும் கண்ணகி கட்சியும்

ஆடுவோர் மேசையைச் சுற்றியமர்ந்து, ஆளுக்கொரு கற்பனை மாந்தராகிக் கதையை நகர்த்தும் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் பாத்திரமேற்பு விளையாட்டைக் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய அமெரிக்கர்கள் 1974இல் வெளியிடுவதற்கு நெடுங்காலம் முன்னரே, மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்கள் கண்ணகி கதையைப் பங்கிட்டு விளையாடி வந்தன. இன்று பெரிதும் அருகி, முதியோர் நினைவில் ஏக்கமாய் எஞ்சும் ‘கொம்புமுறி’ என்னும் அவ்விளையாட்டில், ஊரார் கோவலன் சார்பான வடசேரி, கண்ணகி சார்பான தென்சேரி என இரண்டாகப் பிரிந்து, வளைந்த வைர மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு பூட்டி, ஒன்று முறியும்வரை இருபுறமும் நின்று இழுப்பர். வென்ற சேரியார் தோற்றவரை வசைப்பாட்டால் எள்ளுவர். மழையும் நோய்நீக்கமும் வேண்டி அம்மனுக்கு எடுக்கும் சடங்காதலால் அவ்வசையும் வழிபாடே. சிங்கள மக்களிடையே ‘அங்கெலிய’ என வழங்கும் இணையான ஆட்டமும் பத்தினித் தெய்வத்துக்கே உரியது.