அம்மோனைட்டும் வன்னிப் பாறையும்

முல்லைத்தீவுக் கரையில் வலையிழுப்போர்க்குக் கணவாய் புதியதன்று. அதன் தொல்லுறவினங்களுள், ஓட்டினுள் வாழ்ந்த ஒரு பேரினம் முன்னொருகால் உலகக் கடல்களெங்கும் பரவியிருந்தது. அம்மோனைட்டு என்பது அதன் பெயர். ஓடு ஆட்டுக்கடாவின் கொம்புபோற் சுருண்டிருத்தலின், அக்கொம்பையுடைய எகிப்தியத் தெய்வமாகிய அம்மோனின் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. வைணவர் போற்றும் சாளக்கிராமங்களுட் பல, இமயத்தினின்று கண்டகியாறு கொணரும் அம்மோனைட்டு உயிர்ச்சுவடுகளே.

அவ்வோடு பல அறைகளாலானது. உயிர் வாழ்ந்தது இறுதி அறையில் மாத்திரமே. வளருந்தோறும் அது முன்னோக்கி நகர்ந்து, பின்னே ஒரு தடுப்பை எழுப்பும். பழைய அறைகளினூடு செல்லும் மெல்லிய குழாய் அவற்றின் நீரை அகற்ற, வாயு நிறையும். அதனாற் பாரமான ஓடும் நீரில் மிதந்தது. உடல் பேருருக்கொள்ள இவ்வமைப்பே துணைசெய்தது. 1895ஆம் ஆண்டில் செருமனியின் செப்பன்ராடே என்னும் ஊரிற் கிடைத்த பராப்புசோசியா ஓட்டின் குறுக்களவு ஏறத்தாழ 1.8 மீற்றர். அதன் வாய்ப்புறம் சிதைந்துள்ளமையால், முழுவோடு இன்னும் பெரிதாயிருந்திருத்தல் வேண்டும். அது வாழ்ந்தது ஏறக்குறைய 8 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரேத்தேசிய காலத்தில்.

இத்தகைய ஓடுகள் வன்னி மண்ணிற் கிடையாமைக்குக் காரணம் யாது? வவுனியாவிற் காணப்படும் கருங்கற்பாறைகள் ஓடுடைய உயிர்கள் தோன்றுமுன்னரே உருவாகத் தொடங்கியவை; பின்னர்ப் புவியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறியவை. புவியியலார் இவற்றை வன்னித் தொகுதி என்றே வழங்குவர். பூநகரிப் பக்கத்துச் சுண்ணக்கல்லோ மயோசீன் காலக் கடலிற் படிந்தது. அதன் வயது 2.3 கோடி ஆண்டுகளுக்கு மேற்படாது. அம்மோனைட்டுகள் அழிந்ததோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆகவே, ஒரு பாறை மிக முந்தியது; மற்றது மிகப் பிந்தியது. இடைப்பட்ட ஏடு வன்னித் தரையில் இல்லை.

அவ்வேடு பாக்குநீரிணைக்கு அப்பால் உளது. தமிழ்நாட்டில் அரியலூரைச் சூழ்ந்த நிலத்தினுள் கிரேத்தேசியக் கடல் புகுந்து படிவுகளை விட்டுச்சென்றது. தென்னிந்தியாவின் இக்கால உயிர்ச்சுவடுகளை எட்வேட் போப்சு 1846இல் விவரித்தார். 1860களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த பேடினந்து இசுத்தொலிக்கா அம்மோனைட்டுகளை விரிவாக ஆராய்ந்து நூல் வெளியிட்டார்.

மெக்சிக்கோவின் யூக்கற்றான் பகுதியில் விண்கல் மோதிய ஊழிக்காலத்தோடு இவ்வினம் மறைந்தது; உறவினமாகிய நோட்டிலசு பிழைத்தது. அம்மோனைட்டுக் குஞ்சுகள் மிகச் சிறியனவாய் மேற்கடல் நுண்ணுயிர்களைச் சார்ந்திருந்தன. நோட்டிலசோ பெருமுட்டையிட்டு ஆழ்நீரில் வாழ்வது. வேறுபாட்டுக்கு இதுவே ஏதுவாகலாம் என்பர் ஆய்வாளர். பேருருவம் இனத்தைக் காக்கவில்லை. சுவடற்ற வன்னிக் கல்லும், சுவடு நிறைந்த அரியலூர்க் கல்லும் தத்தம் காலத்தையே உரைக்கின்றன. இரண்டையும் ஒருங்கு கற்பார்க்கே இந்நிலத்தின் முழு வரலாறு புலனாகும்.