ஆய்வுகூடப் போத்தல்களும் மலையகத்து ஈரமும்

மழையும் மூடுபனியும் மாறி மாறிக் கவியுங் கொட்டகலையிலே பாடசாலை ஆய்வுகூடத்துக்குக் காற்றின் ஈரம் ஒரு தனிப்பகையாகும். சோடியமைதரொட்சைட்டு வில்லைகள் ஈரத்தை ஈர்த்துக் கசிந்துருகும்; காற்றின் காபனீரொட்சைட்டோடு கூடிக் காபனேற்றாகிக் கண்ணாடி மூடியை இறுகப் பிணித்துவிடும். அதனை வலிந்து திறப்போர் போத்தலை உடைத்துக் கையைப் புண்ணாக்கிக் கொள்ளுதலுங் கூடும். இறப்பர் அடைப்பானே அதற்குத் தக்கது. சோடியமோ நீரோடு சேரின் ஐதரசனை வெளிவிட்டுத் தீப்பற்ற வல்லது; ஆதலின் அது அமிழ்ந்துள்ள மண்ணெண்ணெய் குறையாதவாறு அடிக்கடி நோக்குதல் வேண்டும்.

ஈரத்தாற் பெயர்ச்சீட்டு கழன்று வீழ்தல் இவற்றினுங் கொடிது. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியிற் பயின்று தோட்டப் பாடசாலைக்குச் செல்லும் இளம் ஆசிரியரொருவர் அலுமாரியைத் திறந்ததும் பெயரற்ற போத்தல்களைக் காண்பாராயின் யாது செய்வார்? முகர்ந்தறிய முற்படுதல் பேதைமை. கழிநீர்த் தொட்டியில் ஊற்றுதலும் ஆகாது. வேறாக ஒதுக்கிப் பூட்டி வைத்தலே முறை. சீட்டின்மேல் உருகிய மெழுகைப் பூசிவிடின் எழுத்து நெடுநாள் நிலைக்கும். செலவும் ஒரு மெழுகுதிரியளவே.

அகரவரிசையில் அடுக்குதல் நூல்நிலையத்துக்கு ஏற்கும், இங்கே ஏலாது. அவ்வரிசையிற் பொசுபரசும் பொற்றாசியம் பேர்மங்கனேற்றும் அயலயலாக நிற்கும். முன்னது எளிதில் எரிவது. பின்னது எரிதலுக்கு ஒட்சிசன் வழங்குவது. நைத்திரிக்கமிலத்தையும் மதுசாரத்தினின்று விலக்கி வைத்தல் வேண்டும். செறிந்த அமிலங்கள் கீழ்த்தட்டிலே, கசிவைத் தாங்குந் தட்டத்தினுள் இருத்தல் நன்று; மேலிருந்து வழுவும் போத்தல் எடுப்பவர் முகத்திலன்றோ விழும்.